யுனிக்ஸ் மரபும் தமிழும்: வல்லுநர் கருவி இல்லக் கருவியான வரலாறு

புதிய அறிவொன்று ஒரு நாட்டிற் பரவுதற்கு இரண்டு தடைகள் உள. ஒன்று விலை, மற்றொன்று மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாட்டு வைத்தியம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்தபொழுது இவ்விரு தடைகளும் அதனைச் சூழ்ந்து நின்றன. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்து, மறு ஆண்டு தொடக்கம் மானிப்பாயிற் பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அவ்வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தாலன்றி அது கிராமங்களைச் சென்றடையாது எனக் கண்டார். தாம் தமிழ் கற்றார். மாணவரைத் துணைக்கொண்டு கலைச்சொற்களைத் தொகுத்தார். 'இரணவைத்தியம்' முதலிய நூல்களை வெளியிட்டார். அவர் காலத்திலே 4000 பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவ நூற்பகுதி தமிழாயிற்று. வல்லுநருக்கே உரியதாயிருந்த ஓர் அறிவு பொதுமக்களின் வாசலுக்கு வந்த வரலாறு அது.

அதனை ஒத்த வரலாறொன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபத்தொராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கணினித் துறையில் நிகழ்ந்துள்ளது. யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையும், அதன் வழிவந்த லினக்ஸ் முதலியனவும், ஆய்வுகூடங்களிலிருந்து இல்லங்களுக்கு வந்த வரலாறே அது. அவ்வரலாற்றிலே தமிழ் பேசும் மக்கள் பார்வையாளராக மட்டும் இருந்தாரல்லர். அவர்தம் பங்கு யாது, அது எவ்வளவிற் பயன் தந்தது, எவ்விடத்திற் குறைபட்டது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிணறும் துலாவும்

பணிசெயல் முறைமை என்பது யாது? தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர். கணினியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோனுக்கும் இடையில் நின்று, நினைவகத்தையும் வட்டுகளையும் திரையையும் விசைப்பலகையையும் ஒழுங்குற ஆளும் மென்பொருளே பணிசெயல் முறைமை. குடாநாட்டு வாழ்க்கையிலிருந்து ஓர் உவமை கூறலாம். இங்கு வற்றாத ஆறு இல்லை. நிலத்தடி நீரே உயிர்நாடி. கிணற்றில் நீர் நிறைந்திருப்பினும் துலாவும் கயிறும் வாளியும் இன்றி அது தோட்டத்துக்கு வாராது. கணினியின் ஆற்றல் கிணற்று நீரெனின், பணிசெயல் முறைமை துலாவெனலாம்.

அவ்வுவமையை இன்னும் ஒருபடி விரித்தற்கும் இடமுண்டு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்படுதல் வழக்கம். பலர் ஒரு கிணற்றுக்குப் பங்காளராயிருந்து, முறை வைத்து நீர் இறைப்பர். எவரும் அதனை மூடி வைத்தலோ தனியே உரிமை கொண்டாடுதலோ இயலாது. யுனிக்ஸின் தோற்றத்திலும் லினக்ஸின் வளர்ச்சியிலும் இப்பங்குக் கிணற்றின் இயல்பு இருவகையாகக் காணப்படுகின்றது. அது பின்னர் விளங்கும்.

வல்லுநர் கையிற் பிறந்தது

1969 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், அங்கு பயன்படாது கிடந்த பி.டி.பி-7 என்னும் சிறு கணினியொன்றிலே புதிய பணிசெயல் முறைமையொன்றை எழுதத் தொடங்கினார். டெனிஸ் றிச்சி அவருக்குத் துணைநின்றார். அதற்கு முன்னர் அவர்கள் பங்குகொண்ட மல்ரிக்ஸ் என்னும் பெருந்திட்டம் அளவுமீறி வளர்ந்தமையால் அவ்வாய்வுகூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. அப்பட்டறிவே யுனிக்ஸின் எளிமைக்குக் காரணமாயிற்று. ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையை மட்டும் செம்மையாகச் செய்தல் வேண்டும். பல நிரல்களைத் தொடுத்துப் பெருவேலை முடித்தல் வேண்டும் என்பதே அதன் நெறி. 1973 ஆம் ஆண்டில் அது றிச்சி ஆக்கிய சி என்னும் நிரல்மொழியிற் பெரும்பாலும் திருப்பி எழுதப்பட்டது. அதுகாறும் பணிசெயல் முறைமைகள் பெரும்பாலும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உரிய தாழ்நிலை மொழியில் எழுதப்பட்டு, அவ்வியந்திரத்தோடே மடிந்தன. யுனிக்ஸோ ஒரு கணினி விட்டு இன்னொரு கணினிக்குக் குடிபெயரும் தகுதி பெற்றது.

அக்காலக் கணினி விலைமிக்கது. ஒன்றைப் பலர் முறைவைத்துப் பகிர்ந்து பயன்படுத்தினர். ஆதலின் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காமலும், ஒருவர் தவறு மற்றவர் வேலையைக் கெடுக்காமலும் காக்கும் ஒழுங்கு யுனிக்ஸில் அடிப்படையிலேயே அமைந்தது. பங்குக் கிணற்றின் முதல் இயல்பு இதுவே. ஆயின் அதனை ஆள்பவர் கட்டளைகளை மனனஞ்செய்து விசைப்பலகையில் எழுத வேண்டியிருந்தது. கட்டளைகளோ இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்கள். அறிந்தார்க்கு அவை விரைவு தந்தன. அறியார்க்குத் திகைப்பையே தந்தன.

பெல் ஆய்வுகூடத்தை உடைமையாகக் கொண்ட தொலைபேசி நிறுவனம் 1956 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சட்ட உடன்பாடொன்றின்படி கணினி வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆகவே யுனிக்ஸின் மூல நிரல் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்திற் கிடைத்தது. கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் அதனைத் திருத்தியும் பெருக்கியும் தம் வழியை வகுத்தனர். 1984 ஆம் ஆண்டில் அத்தொலைபேசி நிறுவனம் பிரிக்கப்பட்டு வணிகத்தடை நீங்கியதும், யுனிக்ஸ் விலைப்பொருளாயிற்று. மாணவர் படித்துத் திருத்திய மூல நிரல் பூட்டப்பட்டது.

இதே காலத்திலேதான் தனியாள் கணினி பெருகிற்று. 1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினி வெளிவந்தது. அதனோடு மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் டொஸ் பரவிற்று. 1984 இல் மக்கின்ரொஷ் கணினி, சுட்டியையும் படவுருக்களையும் பொதுமக்களுக்கு அறிமுகஞ் செய்தது. இல்லத்துக் கணினி எளிமையானது, ஆனால் உறுதியற்றது. யுனிக்ஸ் உறுதியானது, ஆனால் அரியது என்னும் பிளவு இவ்வாறு உண்டாயிற்று. அப்பிளவை அடைத்த முயற்சிகளே பின்வரும் வரலாறு.

கிணற்றைப் பொதுவாக்கிய சட்டம்

1983 செப்ரெம்பரில் றிச்சாட் ஸ்ரோல்மன், யுனிக்ஸை ஒத்ததும் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடியதுமான முறைமையொன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்குக் குனு எனப் பெயரிட்டார். 1989 இல் அவர் வகுத்த பொதுமக்கள் உரிமம், மென்பொருள் உலகிற் புதுமையானது. மூல நிரலைப் பெறும் ஒருவன் அதனைத் திருத்தி விற்கவுங் கூடும்; ஆனால் தன்னிடம் பெறுவோனுக்கு அதே உரிமைகளை வழங்குதல் வேண்டும். பங்குக் கிணற்றின் இரண்டாம் இயல்பு ஈண்டு வெளிப்படுகின்றது. நீரை எடுக்கலாம், வாய்க்காலை அடைத்தல் ஆகாது.

குனுத் திட்டத்தில் உறுப்புகள் பலவும் அமைந்தனவாயினும், அவற்றை இயக்கும் கருவகம் முடிவுறவில்லை. அக்குறையை நிறைவாக்கியவர் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோவால்ஸ். யுனிக்ஸ் தோன்றிய 1969 ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்த அவர், பேராசிரியர் அன்ட்றூ தனன்போம் கற்பித்தலுக்கென ஆக்கிய மினிக்ஸைப் பயின்று, தம் இன்ரெல் 386 கணினிக்கேற்ற கருவகமொன்றை எழுதினார். 1991 ஓகஸ்ட் 25 இல் அதனை உலகுக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21. மறு ஆண்டில் அதனைக் குனு உரிமத்தின்கீழ் வெளியிட்டார். விலையென்னும் தடை அன்று தகர்ந்தது. பேர்க்கிலி வழிவந்த முறைமைகளோ 1992 முதல் 1994 வரை நிகழ்ந்த வழக்கொன்றிற் சிக்குண்டு காலந்தாழ்த்தன.

டோவால்ஸ் தம் அறையிலிருந்து நிரல் எழுதிய அவ்வாண்டிலே யாழ்ப்பாணக் குடாநாடு எந்நிலையில் இருந்தது என்பதை எண்ணிப்பார்த்தல் தகும். 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் தேசிய மின்வழங்கல் இங்கு அற்றுப்போயிற்று. எரிபொருளும் மின்கலமும் பொருளாதாரத் தடைக்குட்பட்டன. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்தச் சிறு போத்தலிலே திரியிட்ட விளக்கொளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டனர். உலகம் கணினியை இல்லத்துக்குக் கொண்டுசென்ற முதற் பத்தாண்டு இக்குடாநாட்டுக்கு இழப்பாயிற்று. ஆயினும் கையிற் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு, பிறர் வகுத்த பொருளைத் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அவ்விருளிலே இம்மக்களிடம் ஊறிற்று. திறந்த மூல மென்பொருளின் உயிர்நிலையும் அப்பழக்கமே என்பது கருதத்தக்கது.

இல்லத்துக்கு ஏற்றதாக்கிய முயற்சிகள்

விலை நீங்கியமை மட்டும் போதுமோவெனின், போதாது. தொடக்கத்தில் லினக்ஸை நிறுவுதல் பெருந்தவமாயிருந்தது. நெகிழ்வட்டுகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தல் வேண்டும். வன்றட்டைப் பகுதிகளாகக் கையாற் பிரித்தல் வேண்டும். திரையின் அதிர்வெண்ணைத் தேடி எழுதுதல் வேண்டும். ஒலியும் அச்சுப்பொறியும் இயங்கினாற் பேறு.

இத்துன்பத்தைக் குறைக்கவே வழங்கல்கள் எனப்படும் தொகுப்புகள் தோன்றின. கருவகம், கருவிகள், நிறுவும் நிரல் ஆகியவற்றை ஒருங்கு சேர்த்து அளிப்பதே வழங்கல். 1993 இல் ஸ்லாக்வெயரும், இயன் மேடொக் தொடங்கிய டெபியனும் எழுந்தன. ஒரு பொதியை நிறுவும்போது அதற்கு வேண்டிய ஏனைய பொதிகளையும் தானே தேடி நிறுவும் ஒழுங்கு டெபியனின் பெருங்கொடையாகும்.

அடுத்த தடை முகப்பு. 1996 ஒக்ரோபரில் ஜேர்மானிய மாணவர் மத்தியாஸ் எற்றிச், யுனிக்ஸ் கணினிகளுக்குப் பொதுமக்கள் கையாளத்தக்க மேசைத்தளம் இல்லையெனக் கண்டு, கே.டி.ஈ. என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த கியூற்றி நூலகத்தின் உரிமம் முற்றுந் திறந்ததன்று என்னும் காரணத்தால், 1997 இல் மிகேல் டி இக்காசாவும் பெடரிக்கோ மேனாவும் குனோம் என்னும் வேறொரு மேசைத்தளத்தைத் தொடக்கினர். 2000 ஆம் ஆண்டிற் கியூற்றியும் குனு உரிமத்தின்கீழ் வந்தது. போட்டியால் இரண்டும் வளர்ந்தன.

2000 ஆம் ஆண்டில் குளோஸ் நொப்பர் வெளியிட்ட நொப்பிக்ஸ், வன்றட்டைத் தொடாமலே இறுவட்டிலிருந்து இயங்கிற்று. அஞ்சியோர்க்கு அது அபயமளித்தது. 2002 இல் ஓப்பின் ஒபிஸ் முதற் பதிப்பும், 2004 நவம்பரிற் பயர்பொக்ஸ் உலாவியும் வெளிவந்தன. கடிதம் எழுதுதலும் கணக்கிடுதலும் இணையத்தில் உலாவுதலும் இல்லத்தார்க்கு எளிதாயின. 2004 ஒக்ரோபரில் தென்னாபிரிக்கர் மார்க் ஷட்டில்வேத் ஆதரவில் உபுண்டு எழுந்தது. ஆறு திங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு, எளிய நிறுவல் ஆகியவற்றோடு, 2005 முதல் 2011 வரை விரும்பியோர்க்கு இறுவட்டை அஞ்சலில் இலவசமாகவும் அது அனுப்பிற்று. இணைய வேகம் குறைந்த நாடுகளில் அவ்வட்டு கைக்குக் கை மாறிப் பரவிற்று. பேர்க்கிலி மரபும் வாளாவிருக்கவில்லை. 2001 இல் வந்த மக் ஓ.எஸ். எக்ஸ், அம்மரபின் மேல் எழுந்த முறைமையேயாம்.

தமிழ் எழுத்தின் சிக்கல்

இனி மொழியென்னும் இரண்டாந் தடையை நோக்குவோம். தமிழெழுத்து 247 எனக் கணக்கிடப்படும். அக்காலக் கணினியின் எண்மத் தொகுதியிலே 256 இடங்களே உள; அவற்றுட் பாதி உரோம எழுத்துக்கும் கட்டளைக் குறிக்கும் உரியன. எஞ்சிய 128 இடங்களுள் தமிழை அடக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வகுத்தனர். இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, உரோம எழுத்தின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்தது. தட்டச்சுப் பழகியோர்க்கு அது இலகுவாயிருந்தது. ஆயின் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கட்டுரை பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகத் தோன்றும். தேடுதலும் அகரவரிசைப்படுத்தலும் இயலா.

இக்குழப்பத்தைத் தீர்க்க, உலகெங்கும் பரந்திருந்த தமிழ்க் கணினியாளர் 1997 தொடக்கம் கலந்தாராய்ந்து, தஸ்கி எனப்படும் தகுதரத்தை வகுத்தனர். 1999 பெப்ரவரியிற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் வழியாகத் தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையையும் தன் குறியேற்றங்களையும் ஏற்றது. இவற்றிடையே யூனிக்கோட் என்னும் உலகத் தகுதரம் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முதற்பதிப்பு, லினக்ஸ் பிறந்த அதே 1991 ஆம் ஆண்டில் வெளிவந்து, தமிழுக்கும் தனியிடம் அளித்தது.

தஸ்கிக்கும் யூனிக்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு யுனிக்ஸ் வரலாற்றில் முதன்மையானது. தஸ்கியில் எழுத்தின் துண்டுகள் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலேயே சேமிக்கப்படும். 'கொ' என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியிற் கால் என மூன்று வடிவங்கள் வரிசையாக அமையும். ஆதலின் எழுத்துரு ஒன்றிருந்தாற் பழைய முறைமையும் அதனைக் காட்டும். யூனிக்கோட்டிலோ ககரமும் ஒகரக் குறியும் ஒலிப்புமுறையிற் சேமிக்கப்படும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து நிறுத்தும் வேலை கணினியைச் சார்ந்தது. இதனைச் செய்யும் பொறியே எழுத்து வடிவமைப்புப் பொறி. வின்டோஸ் 2000 அத்தகைய பொறியோடு வெளிவந்தது. லினக்ஸ் உலகிலே பாங்கோ என்னும் நூலகம் அவ்வேலையை ஏற்றது. கிரேக்கத்தில் 'எல்லாம்' எனப் பொருள்படும் சொல்லையும் யப்பானியத்தில் 'மொழி' எனப் பொருள்படும் சொல்லையும் இணைத்து அதற்குப் பெயரிட்டனர். கியூற்றி நூலகத்திலே தஸ்கிக்குரிய குறிமாற்றியை எழுதி அளித்தவர் ஹன்ஸ் பீட்டர் பீக்கர் என்னும் தமிழரல்லாதவர். மூல நிரல் திறந்திருந்தமையாலன்றோ அத்தொண்டு இயல்வதாயிற்று.

தமிழர் ஆற்றிய தொண்டு

2000 ஆம் ஆண்டையொட்டி, புலம்பெயர்ந்த ஈழத்தமிழரும் தமிழகத்தாரும் கே.டி.ஈ., குனோம் ஆகியவற்றின் பட்டிகளைத் தமிழாக்கத் தொடங்கினர். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சொற்றொடர்கள். ஊதியமில்லை; மாலை வேளையும் விடுமுறையுமே மூலதனம். சென்னையில் ழ கணினித் திட்டம் எழுந்தது. முகுந்தராஜ் முதலியோரின் 'தமிழா!' குழு உலாவியையும் அலுவலகச் செயலிகளையும் தமிழாக்கிற்று. பின்னர் உபுண்டுவின் தமிழ்க்குழுவை ஆமாச்சு எனப்படும் ம. ஸ்ரீ ராமதாஸ் வழிநடத்தினார். 2012 சனவரி முதல் த. சீனிவாசன் நடத்திய 'கணியம்' இதழும், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்களும் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலே கற்கும் பாடநூல்களாயின. கிறீன் வைத்தியர் செய்த பணியின் நேர்வழித்தோன்றல் இதுவெனின் மிகையாகாது.

ஈழத்தாரின் பங்கு தனித்து நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், மத்திய கிழக்கிற் பணியாற்றிய காலத்தில், 2003 ஆம் ஆண்டிலே தமிழ் விக்கிப்பீடியாவின் இடைமுகத்தைப் பெரும்பகுதி தனியொருவராகத் தமிழாக்கினார். அது மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளின் இடைமுகமாதலின், அம்மென்பொருளை நிறுவும் எவர்க்கும் அத்தமிழாக்கம் பயன்பட்டது. 2005 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை ஒட்டித் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் முயற்சியால் நூலகம் என்னும் மின்னூலகம் தொடங்கிற்று. பின்னர் அதுவும் மீடியாவிக்கியின் மேலேயே எழுந்தது. இவருள் மயூரன் குனு லினக்ஸைப் பற்றித் தமிழில் இடையறாது எழுதியவருமாவார். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருந்தமையால் அவற்றுட் பல மீளாதொழிந்தன. எவரும் படியெடுத்தற்குரிய மென்பொருளின் மேல், எவரும் படியெடுத்தற்குரிய நூற்றொகுதியை அமைத்தமை அவ்விழப்புக்கு இம்மண் கண்ட விடைகளுள் ஒன்று.

இலங்கை முழுவதையும் நோக்கின், 2003 இற் சஞ்சீவ வீரவரண நிறுவிய லங்கா மென்பொருள் மன்றமும், லினக்ஸ் பயனர் குழுவும் குறிப்பிடத்தக்கன. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்கு உள்ளிட்ட கரையோரங்களை அழித்தபோது, தன்னார்வ நிரலாளர் சில வாரங்களுக்குள் சகானா என்னும் இடர்முகாமை மென்பொருளை ஆக்கினர். அது மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் உதவிற்று. 2009 இல் டனிஷ்க நவின் வெளியிட்ட ஹந்தான லினக்ஸ், கண்டி மாநகரின் மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, இந்நாட்டு மாணவரைக் கருத்திற்கொண்டு எழுந்தது. 2008 இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் 1326 ஆம் இலக்கத் தகுதரம் தமிழுக்கு வகுக்கப்பட்டது. இங்கு வழங்கிய தட்டச்சு ஒழுங்கினை ஒட்டிய றெங்கநாதன் விசைப்பலகை, லினக்ஸின் உள்ளீட்டு முறைகளுள்ளும் இடம்பெற்றது.

அரசுகள் செய்தனவும் செய்யாதனவும்

தமிழகத்தில் எல்கொற் எனப்படும் அரசு மின்னணு நிறுவனம், உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராயிருந்த 2006 ஆம் ஆண்டையடுத்த காலத்திலே, தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிற்று. 2007 இற் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் பொஸ் என்னும் லினக்ஸ் வழங்கலை இந்திய மொழிகளின் பொருட்டு வெளியிட்டது. 2011 இல் மாணவர்க்கு விலையில்லா மடிகணினி வழங்கப்பட்டபோது அதில் வின்டோஸும் பொஸ்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. இரண்டும் இருந்தவிடத்திற் பழகியது வென்றது. கற்பிப்பார் இல்லாத முறைமை வன்றட்டின் ஒரு மூலையிற் கிடந்தது.

இதற்கு மாறாகக் கேரளத்தின் பள்ளிக்கணினித் திட்டம் வேறு வழி சென்றது. அங்கு முதலில் ஆசிரியர் பயிற்றப்பட்டனர். பாடநூல் கட்டற்ற மென்பொருளை ஒட்டி எழுதப்பட்டது. செய்முறைப் பரீட்சையும் அதிலேயே நடத்தப்பட்டது. வட்டார ஆசிரியரே பழுதுதீர்ப்போருமாயினர். ஆகவே அங்கு லினக்ஸ் வேரூன்றிற்று. இவ்விரு மாநிலங்களின் வேறுபாடு மென்பொருளில் இல்லை. ஆசிரியரிடத்திலும் பரீட்சையிலும் உள்ளது. கல்வித்துறையார் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

குறைகள்

வரலாறு புகழ்மொழியன்று, ஆதலின் குறைகளையும் கூறல் கடன். குடாநாட்டின் இல்லங்களில் லினக்ஸ் மேசைக்கணினி இன்னும் அருகியே காணப்படுகின்றது. இதற்குக் காரணம் பல. கணினி விற்போர் உரிமம் பெறாத வின்டோஸ் படியை நிறுவிக் கொடுத்தல் நெடுங்காலம் வழக்கமாயிருந்தமையால், விலையின்மை என்னும் சிறப்பு மக்கள் கண்ணிற் படவில்லை. பாமினியிற் பழகிய கைகளும், அதில் எழுதிக் குவித்த ஆவணங்களும் மாற்றத்தை அஞ்சின. அச்சகங்கள் தாம் பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மென்பொருளை விடத் துணியவில்லை.

மொழியாக்கத்திலும் இடர்ப்பாடு உண்டு. தமிழகத்தார் இயங்குதளம் என்பதை நாம் பணிசெயல் முறைமை என்கிறோம். அவர் பதிவிறக்கம் என்பதை நம்மவர் தரவிறக்கம் என்பர். கணினியா கணனியா என்னும் வழக்கு முடிந்தபாடில்லை. ஒரே பட்டியில் இருவகைச் சொல்லும் கலந்து வருதலாற் பயில்வோர் மயங்குவர். இலங்கைத் தமிழுக்கெனத் தனி வட்டார அமைப்பு பின்னர் லினக்ஸில் சேர்க்கப்பட்டமை இம்மயக்கத்தை ஓரளவே தீர்த்தது. தன்னார்வலர் ஓய்ந்தபோது மொழியாக்கம் இடையில் நின்றது. பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமான முகப்பைக் கண்டோர் முழு ஆங்கிலத்துக்கே மீண்டனர். கிறீனின் தமிழ் வைத்தியக் கல்வியும் அவருக்குப்பின் நிலைக்கவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. தொடங்குவோர் இருந்தனர், தொடர்வோரை ஆக்கும் ஏற்பாடே இருக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. 2008 இல் அன்ட்ரொயிட் கைப்பேசி வெளிவந்தது. அதன் கருவகம் லினக்ஸே. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீகணினிகளையும் லினக்ஸே இயக்குகின்றது. அதே கருவகம் நல்லூர்த் தேரோட்டத்தைப் படம் பிடிக்கும் கைப்பேசியிலும், மீன்சந்தையில் விலை கேட்கும் கைப்பேசியிலும் இயங்குகின்றது. தமிழும் அதிற் சீராகத் தோன்றுகின்றது. யுனிக்ஸ் மரபு இல்லத்துக்கு வந்துவிட்டது. வந்தது என்பதை இல்லத்தார் அறியார். ஆயின் இதனை முழு வெற்றி எனல் ஆகாது. கைப்பேசியின் மேற்புறத்தை ஆள்வன பெருநிறுவனங்கள். கருவகம் திறந்திருப்பினும், பயனர் அதனைத் திறந்து பார்த்தல், திருத்துதல், பழைய கருவிக்குப் புத்துயிரளித்தல் என்பன பெரும்பாலும் அடைபட்டுள்ளன. கிணறு பொதுவாயிருக்க, வாய்க்கால் தனியார் கைக்குட் போயிற்று எனலாம்.

முடிபு

இவ்வரலாற்றினின்றும் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, வல்லுநர் கருவி மக்கள் கருவியாதல் ஒரே பாய்ச்சலில் நிகழ்வதன்று. உரிமம், நிறுவல், முகப்பு, எழுத்து, கலைச்சொல், ஆசிரியர் என ஒவ்வொரு படியும் ஒவ்வொருவர் உழைப்பால் அமைந்தது. இரண்டாவது, மொழி இறுதியிற் பூசும் வண்ணமன்று, அடித்தளத்திலேயே வேண்டுவது. மூன்றாவது, மூலம் திறந்திருந்தாற் சிறு சமுதாயமும் பெருநிறுவனத்தின் அருளை எதிர்பாராது தன் தேவையைத் தானே நிறைவேற்ற இயலும்.

கல்லூரிகளின் கணினிக்கூடங்களிலே, புதிய பணிசெயல் முறைமையை ஏற்க மாட்டாதனவெனப் பழைய கணினிகள் ஒதுக்கப்படுதல் இன்று சாதாரண காட்சி. இலகுவான லினக்ஸ் வழங்கல்களுள் ஒன்றை நிறுவின் அவற்றுட் பல இன்னும் சில ஆண்டுகள் பயன்படும். உயர்தர வகுப்பு மாணவர் அதனை நிறுவுங்கால் பணிசெயல் முறைமையை ஏட்டிற் படிப்பதோடு அமையாது கையாலும் கற்பர். பட்டியில் ஒரு பிழையான தமிழ்ச்சொல்லைக் கண்டு திருத்தி அனுப்பின், உலகிலுள்ள தமிழ்ப் பயனர் அனைவர்க்கும் உதவியவராவர். போத்தல் விளக்கொளியிற் படித்த தலைமுறை தன் மக்களுக்கு விட்டுச்சென்ற முதுசொம் அத்தகைய தற்சார்பே. துலாவைப் பிறரிடம் இரவல் கேட்டு நிற்றலினும், அதனைச் செய்யவும் செப்பனிடவும் கற்றல் நன்று.